டைவ் கம்ப்யூட்டர் அணைந்துவிட்டால்: மாற்று ஆழமானியிலும் கடிகாரத்திலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரிலிருந்து ஆரணி, செஞ்சி, திண்டிவனம் வழியாகப் புதுச்சேரிக்குச் சென்று ஸ்கூபா கற்று வருபவர்கள் முதலில் முகமூடியும் துடுப்பும் வாங்குகிறார்கள். கையில் பணம் சேர்ந்ததும், ஆழத்தையும் நேரத்தையும் அளந்து இன்னும் எவ்வளவு நேரம் கீழே இருக்கலாம் என்று சொல்லும் டைவ் கம்ப்யூட்டரை வாங்குகிறார்கள். அந்தக் கம்ப்யூட்டர் நீருக்கடியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி, பெரும்பாலும் அது ஒருமுறை நின்ற பிறகுதான் எழுகிறது. எனக்கு அது 16 மீட்டர் ஆழத்தில் எழுந்தது. இடக்கையில் இருந்த வாட்ச் நேரத்தைச் சொன்னது. ஆழத்தைச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. துணைக்கு வந்தவரின் மணிக்கட்டை எட்டி எட்டிப் பார்த்தபடியே மேலே வந்து சேர்ந்தேன்.

ஆகவே முதல் தவறு, நான் செய்ததுதான்: நேரம், ஆழம் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மாற்று ஏற்பாடு இருக்கிறது என்று நம்பிக்கொள்வது. உடலில் எவ்வளவு நைட்ரஜன் கரைகிறது என்பதை ஆழமும் நேரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. ஸ்கூபா பயிற்சி தரும் பாடி (PADI) அமைப்பின் அட்டவணைப்படி 18 மீட்டரில் நிறுத்தமின்றி இருக்கக்கூடிய நேரம், அதாவது அந்த நைட்ரஜனை வெளியேற்ற ஏறும் வழியில் கட்டாயமாக நிற்கத் தேவையில்லாத வரம்பு, 56 நிமிடம். 30 மீட்டரிலோ 20 நிமிடம்தான். ஆழம் தெரியாதவருக்கு, 25 நிமிடம் ஆயிற்று என்று காட்டும் கடிகாரத்தால் பெரிய பயன் இல்லை. துணையின் கம்ப்யூட்டரும் இதற்கு ஈடாகாது. இருவரும் ஒரே ஆழத்தில் ஒரே நேரம் இருந்திருக்கமாட்டீர்கள், காலையில் அவர் இறங்காத ஒரு முறை நீங்கள் இறங்கியும் இருக்கலாம்.

மாற்றுக் கருவியின் வேலை என்னவென்று எண்ணிப் பார்க்காமல் வாங்குவது அடுத்த தவறு. கம்ப்யூட்டர் நின்ற பிறகு டைவைத் தொடர்வதற்காக அது வாங்கப்படுவதில்லை. நிமிடத்துக்கு 9 அல்லது 10 மீட்டருக்கு மேற்படாத வேகத்தில் ஏறவும், முன்னெச்சரிக்கையாக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்கவும், அதன் பின் மேலே வரவும் உதவினால் அது தன் கடமையைச் செய்துவிட்டது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வண்ணத் திரையும் புளூடூத்தும் வேண்டாதவை என்பதும், விலை குறைந்த எளிய கருவியே போதும் என்பதும் விளங்கும்.

எளிய கருவிகளில் மிக எளியது நுண்குழாய் ஆழமானி. ஒரு முனை மூடிய மெல்லிய குழாய். இறங்க இறங்க உள்ளே உள்ள காற்று சுருங்கி, நீர் ஏறி, நீரும் காற்றும் சந்திக்கும் இடம் ஆழத்தைக் காட்டுகிறது. இதில் கெட்டுப்போகப் பேட்டரியோ பல்சக்கரமோ இல்லை. பாயில் விதிப்படி 10 மீட்டரில் காற்று பாதியாகிறது, 20 மீட்டரில் மூன்றில் ஒரு பங்காகிறது, 30 மீட்டரில் கால் பங்காகிறது. அதாவது முதல் 10 மீட்டருக்குக் குழாயின் பாதி நீளம் கிடைக்கிறது. 20க்கும் 30க்கும் இடையிலான 10 மீட்டருக்குப் பன்னிரண்டில் ஒரு பங்குதான். 25 மீட்டரா 28 மீட்டரா என்று இதில் பார்த்துச் சொல்ல முயல்வது வீண். ஆனால் 5 மீட்டர் நிறுத்தத்தை இது அழகாகக் காட்டும்; மாற்றுக் கருவி நமக்கு மிகவும் தேவைப்படும் இடமும் அதுவே. உப்பு படிந்து குழாய் அடைபடாமலும், முந்தைய டைவின் நீர்த்துளி உள்ளே தங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். கலங்கிய நீரில் இதைப் படிப்பது கடினம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

அடுத்த படியில் இருப்பது முள் வைத்த ஆழமானி. மருத்துவமனைகளால் பெயர் பெற்ற வேலூரில், முள் வைத்த பி.பி. கருவியைப் பார்க்காதவர்கள் குறைவு. அழுத்தத்தால் உள்ளே ஓர் உலோகப் பகுதி விரிந்தோ வளைந்தோ முள்ளை நகர்த்துவதே இரண்டிலும் நடக்கிறது. அந்தக் கருவியைப் போலவே இதுவும் வேலைக்கு முன் பூச்சியத்தில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அதை நம்பக் கூடாது. இவற்றில் பலவற்றில் அதிகபட்ச ஆழத்தைக் காட்டும் இரண்டாவது முள் ஒன்று உண்டு. அதைத் திரும்பப் பூச்சியத்துக்குக் கொண்டுவராமல் இறங்கிவிட்டு, நேற்றைய ஆழத்தை இன்றைய ஆழமாகக் குறித்துக்கொள்வது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை. பழைய கருவிகளை வாங்கும்போது அளவு அடியிலா மீட்டரிலா என்று பார்க்காமல் விடுவது இன்னொன்று. கிணற்றின் ஆழத்தை அடியிலேயே சொல்லிப் பழகிய நமக்கு, 60 என்று முகப்பில் கண்டால் உறுத்தாது. ஆனால் 60 அடி என்பது 18 மீட்டர்தான்.

கிணறு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கருவியைச் சோதிக்காமலே கடலுக்கு எடுத்துச் செல்பவர்கள், ஊரிலேயே சோதனைச்சாலை இருப்பதை மறந்துவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நீர் நிறைந்திருக்கும் விவசாயக் கிணறு ஒன்றில், மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றில் எடை கட்டி, அதனுடன் ஆழமானியை நீர்மட்டத்திலிருந்து 10 மீட்டர் இறக்கி எடுத்தால், அதிகபட்ச முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். கடல்நீருக்கு அளவிடப்பட்ட கருவி நன்னீரில் சுமார் இரண்டு, மூன்று சதவீதம் குறைவாகக் காட்டும் என்பதால், 10க்குச் சற்றுக் கீழே நின்றால் அது குறையன்று. 8இல் நின்றால் குறைதான். இறங்க வேண்டியது கருவி மட்டுமே, நீங்கள் அல்ல.

கடிகாரத்தில் நடக்கும் தவறுகள் பெரும்பாலும் முகப்பில் உள்ள எழுத்தைத் தவறாகப் படிப்பதால் வருபவை. '30 மீட்டர்' என்று பொறித்த வாட்ச் 30 மீட்டர் ஆழத்துக்கு உரியது அன்று. கை கழுவும்போதும் மழையிலும் தாங்கும் என்பதே அதன் பொருள். டைவிங் கடிகாரத்துக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரம் குறைந்தது 100 மீட்டரைக் கேட்கிறது. 200 மீட்டர் என்று குறித்ததை வாங்குவதே நல்லது. ஸ்மார்ட் வாட்ச் ஆழம் காட்டுகிறதே என்பவர்கள் எதுவரை காட்டுகிறது என்று பார்க்க வேண்டும்; ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 10இன் ஆழமானி 6 மீட்டரோடு நின்றுவிடும். கழிந்த நேரத்தைக் குறிக்க முகப்பைச் சுற்றி இருக்கும் சுழல் வளையம் ஒரு பக்கமாக மட்டும் திரும்புவதாக இருக்க வேண்டும். தற்செயலாக இடித்து நகர்ந்தால்கூட அது கழிந்த நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது.

தரமான வாட்சையும் கெடுத்துவிடும் வழி ஒன்று உண்டு: பேட்டரி தீர்ந்ததும் கடைவீதியில் கொடுத்து மாற்றிக்கொள்வது. பின்மூடியைத் திறக்கும்போது நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையத்தையும் மாற்றி, மூடிய பின் அழுத்தச் சோதனை செய்யாவிட்டால், 200 மீட்டர் என்ற எழுத்து வெறும் எழுத்துதான். மே மாத வேலூர் வெயிலில், மூடிய காருக்குள் இந்தக் கருவிகளை விட்டுச் செல்வதும் ரப்பர் வளையங்களுக்குக் கேடு.

ஆழமும் நேரமும் ஒன்றாகக் காட்டும் பாட்டம் டைமர் கிடைத்தால் வசதிதான். ஆனால் அதுவும் பேட்டரியில் ஓடுவது, நிறுத்தமின்றி இருக்கக்கூடிய நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லாதது. அட்டவணையைப் படிக்கத் தெரியாதவருக்கு அது எண்களை மட்டுமே தரும். எந்தக் கருவியானாலும் கம்ப்யூட்டர் இருக்கும் அதே கையில் கட்டாமல் மறு கையில் கட்டுங்கள்; ஒரே இடியில் இரண்டும் போகாது.

மேலே வந்த பின், கருவி காட்டிய அதிகபட்ச ஆழத்தையும் வெளிவந்த நேரத்தையும் எழுதி வைக்காமல் விடுவதை நம் பகுதியினர் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும். காலையில் புதுச்சேரியில் இறங்கிவிட்டு மாலையில் ஏலகிரிக்கு ஏறுபவர்கள் உண்டு. வேலூர் நகரம் தாழ்வானது, அதனால் கவலையில்லை. ஏலகிரி சுமார் 1,000 மீட்டர் உயரம்; அங்கே காற்றழுத்தம் குறைவதால், உடலில் எஞ்சிய நைட்ரஜன் தொல்லை தரலாம். டைவிங்குக்குப் பின் விமானப் பயணம் பற்றி, டைவர்களின் பாதுகாப்புக்கான டான் (DAN) அமைப்பு தரும் பரிந்துரை 600 மீட்டருக்கு மேற்பட்ட உயரங்களையும் கருதியே சொல்லப்பட்டது: நிறுத்தம் தேவைப்படாத ஒரே டைவுக்குப் பின் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ்களுக்குப் பின் 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். கம்ப்யூட்டர் நின்றுபோன நாளில் இதையெல்லாம் கணக்கிட உங்களிடம் இருப்பது அந்த இரண்டு எண்கள்தான். அவையும் இல்லையென்றால் ஒரு முழு நாள் கழித்து மலையேறுங்கள்.