மண் கல்லில் ஒரு கண்காட்சிக் கூடம் கட்ட

இயற்கையைப் பார்த்துக் கட்ட வேண்டும் என்று என்னிடம் வருகிறவர்கள் பலர் தாமரை வடிவக் கூரை கேட்கிறார்கள். வரைந்து தந்துவிடலாம், மே மாதத்தில் உள்ளே நிற்பவர்கள் வெந்துபோவார்கள். வடிவத்தை விட்டுவிட்டு வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள்.

கரையான் புற்றைப் பார்த்து மிக் பியர்ஸ் வடிவமைத்த ஈஸ்ட்கேட் கட்டடம் 1996 முதல் ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் இருக்கிறது. இரவுக் காற்றை இழுத்துத் தளங்களைக் குளிரவைத்து, பகலைச் சமாளிக்கிறது. ஆனால் ஹராரே ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்து ஊர், இரவில் குளிரும். எங்கள் புதுச்சேரிப் பக்கம் இரவிலும் புழுங்கும், அந்த உத்தி அப்படியே பலிக்காது. இங்கே நிழலும் காற்றோட்டமும்தான் முதல் வேலை.

சும்மா நிற்கிற ஆளே சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். நூறு பேர் கூடினால் 10 கிலோவாட்! அதனால் கடல்காற்று வரும் தென்கிழக்கில் தாழ்வாகத் திறப்பு வையுங்கள், சூடு வெளியேற முகட்டில் அதற்குக் குறையாத திறப்பு வேண்டும். சாரல் அடிக்காதபடி கூரையை நன்றாக வெளியே நீட்டுங்கள்.

சுவருக்கு மண் கல், அதாவது சுடாமல் மண்ணை அழுத்திச் செய்யும் கல். ஆரோவில் பார்வையாளர் மையம் இப்படிக் கட்டியதுதான். 1992இல், ஏழைகளுக்கான கட்டடக்கலைக்குத் தரும் ஹசன் ஃபாத்தி விருது பெற்றது. வேர் படிந்த மேல்மண்ணைத் தோட்டத்துக்கு ஒதுக்கிவிட்டு, அடியிலிருக்கும் மண்ணைக் கண்ணாடி பாட்டிலில் கால் பங்கு போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் உடனே இறங்கும், வண்டல் அப்புறம், களி மறுநாள்தான் படியும். மணல் பாதி, களி ஐந்தில் ஒரு பங்கு, மீதி சரளையும் வண்டலும் என்றிருந்தால் நல்ல மண். என் மேஸ்திரி உருண்டை பிடித்துப் பார்த்தே சொல்லிவிடுவார். இருந்தாலும் பாட்டிலை விடாதீர்கள். எடையில் 5 சதவீதம் சிமென்ட் கலந்து கல் அழுத்தும் பிரஸ்ஸில் அழுத்தி, 4 வாரம் ஈரம் காயாமல் நிழலில் வைக்க வேண்டும். சூளை இல்லை, விறகும் இல்லை. மண் எடுத்த குழியை மழைநீர்த் தொட்டியாக்கிவிடலாம்.

வெளிச்சம் வடக்கிலிருந்து வரட்டும், நேர்வெயில் பட்டால் ஓவியம் வெளுக்கும். செம்மண் சுவர் வெளிச்சத்தை விழுங்கும் என்பதால் காட்சிச் சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு அடியுங்கள்.

ஒவ்வொரு கண்காட்சிக்கும் ஆணி அடித்தால் கல் பொரிந்துபோகும். கட்டும்போதே லிண்டலுக்கு (கதவு, ஜன்னலுக்கு மேலே ஓடும் உத்தரம்) கீழே இரும்புக் குழாய் ஒன்றைச் சுவர் நீளத்துக்கு ஓடவிட்டால், படங்களைக் கம்பியில் தொங்கவிடலாம்.