தளம் திறந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது

கடைக்கு இணையதளம் வேண்டும் என்று வருபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, தளத்தை உருவாக்கி நடத்தும் மென்பொருள்களில் "வேர்ட்பிரஸ் நல்லதா, ட்ரூபல் நல்லதா?" என்பதைத்தான். அதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: தளம் வெளிவந்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? இதற்கு விடை இல்லாமல் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு. பத்துப் பக்கமும் ஒரு விலைப்பட்டியலும் போதும் என்கிற ஜவுளிக்கடைக்கு ட்ரூபல் தேவையில்லை. பராமரிக்க ஆளே இல்லையென்றால், மென்பொருள் பராமரிப்பையும் சேர்த்துக் கவனிக்கும் விக்ஸ், ஷாப்பிஃபை போன்ற கட்டணச் சேவைகளே மேல்.

"ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொட வேண்டும்?" என்று புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-இல் இருந்த பெரிய ஓட்டை ஒன்றை அடைக்கும் பதிப்பு வெளியானது. இரண்டு வாரம் கழித்து அதன் பாதுகாப்புக் குழு எச்சரித்தது: அறிவிப்பு வந்து 7 மணி நேரத்துக்குள் புதுப்பிக்காத தளங்கள் ஊடுருவப்பட்டுவிட்டதாகவே கருத வேண்டும், இப்போது புதுப்பித்தாலும் மறுபடி நுழைவதற்காக உள்ளே வைக்கப்பட்ட கள்ளக் கதவு போகாது. ஏழு மணி நேரம் என்பது ஓர் இரவுத் தூக்கம். ஓட்டை அடைக்கப்பட்ட செய்தியே, அது எங்கே இருந்தது என்பதைத் திருடனுக்கும் சொல்லிவிடுகிறது. வேர்ட்பிரஸில் தானியங்கிப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2013 முதலே இருக்கிறது. தயவுசெய்து அதை அணைத்து வைக்காதீர்கள்.

வேர்ட்பிரஸில் ஆபத்து பெரும்பாலும் செருகுநிரல்கள் (கூடுதல் வசதிக்காகத் தளத்தில் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) வழியாகத்தான் நுழைகிறது. பயன்படுத்தாதவற்றை முடக்கினால் போதாது, நீக்கிவிட வேண்டும். விலை கொடுத்து வாங்க வேண்டியதை இலவசமாகத் தரும் திருட்டுப் பிரதிகளை நான் மிகவும் அஞ்சுகிறேன். தெரிந்த கடைக்காரர் ஒருவரின் பெயரைக் கூகுளில் தேடியபோது, கடையின் முகவரிக்குக் கீழே ஜப்பானிய எழுத்தில் கைப்பை விளம்பரங்கள் வந்தன. தளத்தின் கோப்புகள் இருக்கும் கணினியான சேவையகத்தில் சேலைப் படங்கள் இருந்த கோப்புறையைத் திறந்தோம். வரிசையாகப் படங்கள், நடுவே ஒரே ஒரு பிஎச்பி கோப்பு, அதாவது சேவையகத்தில் இயங்கக்கூடிய நிரல். படங்கள் மட்டும் இருக்க வேண்டிய இடத்தில் அதற்கு என்ன வேலை? காசு மிச்சம் என்று நிறுவியிருந்த திருட்டுச் செருகுநிரலில் போய் முடிந்தது தேடல். அந்தப் பெயரைச் சம்பாதிக்க அவருக்கு இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஒரே நிர்வாகிக் கணக்கை நான்கு பேர் பகிர்ந்துகொள்ள வேண்டாம். விலை மாற்றுபவருக்கு அந்த அளவு அனுமதி போதும். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள். நிர்வாகிகளுக்கு இருபடிச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பது) கட்டாயம். காப்புப் பிரதி அதே சேவையகத்தில் மட்டும் இருந்தால், சேவையகத்தோடு அதுவும் போய்விடும். வேறிடத்தில் ஒன்றை வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதிலிருந்து தளத்தை மீட்டுப் பாருங்கள்.

டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரி, யார் பெயரில் இருக்கிறது என்பதையும் இன்றே பாருங்கள். தளம் செய்து கொடுத்தவரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் இருந்தால், அவரோடு நல்ல உறவில் இருக்கும்போதே உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.