மாடலிங் ஏஜென்சி முன்பணம் கேட்டால்: பிரிட்டனில் இருப்பவர்களுக்கு

வேலை தேடித் தருகிறேன் என்று சொல்லி ஒரு ஏஜென்சி உங்களிடமே கட்டணம் வாங்குவது பிரிட்டனில் பொதுவாகச் சட்டப்படி தவறு. நடிப்பு, இசை, மாடலிங் போன்ற சில துறைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு, ஏமாற்றுபவர்கள் பிடித்துக்கொள்வதும் அந்த விலக்கைத்தான். அதனால் உங்களை எந்த வேலைக்குச் சேர்க்கிறார்கள் என்பதை முதலில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஃபேஷன் மாடல், போட்டோ மாடல் என்றால் முன்பணம் கூடவே கூடாது. பதிவுக் கட்டணம், இணையதளத்தில் படம் போடும் கட்டணம் என்று எந்தப் பெயர் வைத்தாலும் 2010 அக்டோபர் முதல் தடைதான். வேலை கிடைத்த பிறகு கமிஷன் எடுக்கலாம், அதுவும் முன்பே எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்தால்.

நடிகர், பாடகர், நடனக் கலைஞர், கூட்டத்தில் நிற்கும் துணை நடிகர் ஆகியோரிடம் விவரங்களை இணையதளத்திலோ கையேட்டிலோ வெளியிட முன்கட்டணம் கேட்கலாம். ஆனால் ஒப்பந்தம் போட்ட பிறகு 30 நாள் கழியாமல் பணம் வாங்கக் கூடாது, அதற்குள் மனம் மாறினால் அபராதம் எதுவும் இல்லாமல் விலகிக்கொள்ளலாம். கேமராவுக்குப் பின்னால் வேலை செய்பவர்களுக்கு இந்த அவகாசம் 7 நாள். பணம் கட்டி 60 நாளாகியும் விவரம் வெளிவரவில்லையா, திருப்பிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

சரி, நிஜத்தில் எப்படி நடக்கிறது? இலவச டெஸ்ட் ஷூட், அதாவது சோதனைக்குப் படம் எடுக்கிறோம் என்று அழைப்பார்கள். முடிந்ததும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து, லேப்டாப்பில் உங்கள் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி, இன்றே கட்டினால்தான் இந்த விலை, போர்ட்ஃபோலியோ (ஏஜென்சிகளிடம் காட்டும் படத் தொகுப்பு) இல்லாமல் எந்த ஏஜென்சியும் எடுக்காது என்பார்கள். குழந்தையைக் கூட்டிப்போன அம்மா அப்பாவுக்கு அந்த நேரத்தில் மறுப்பது எவ்வளவு கஷ்டம்! சட்டம் என்று பேசினால், நாங்கள் ஏஜென்சி இல்லை, ஸ்டூடியோ என்று பதில் வரும். அப்படியானால் அவர்களால் வேலை வாங்கித் தர முடியாது என்றுதானே அர்த்தம்? உண்மையான ஏஜென்சியாக இருந்தால், எங்களிடம் படம் எடுத்தால்தான் சேர்ப்போம் என்று நிபந்தனை போடவும் சட்டம் விடாது. எழுந்து வெளியே வந்துவிடுங்கள், கார்டை எடுக்காதீர்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? ரசீது, வாட்ஸ்அப் செய்தி, கையெழுத்திட்ட தாள் எதையும் அழிக்காதீர்கள், வேலை முகவர்களைக் கண்காணிக்கும் அரசு ஆய்வாளர்களிடம் புகார் கொடுக்க அவை வேண்டும். அப்புறம், கிரெடிட் கார்டில் 100 பவுண்டுக்கு மேலான ஒரு சேவைக்குக் கட்டியிருந்தால், 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவைச் சொல்லி கார்டு கொடுத்த வங்கியிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கலாம்.