வடதுருவ ஒளியைத் தேடிப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

நார்வேயின் ட்ரொம்சோவுக்கு டிக்கெட் போட்டவுடன் பலரும் செய்யும் முதல் வேலை, கைப்பேசியில் ஓர் அரோரா (வடதுருவ ஒளி) செயலியை இறக்கிக்கொள்வது. அதில் 'கேபி 2' என்று வந்தால் முகம் வாடிவிடுகிறது. 'கேபி 6' என்றால் கொண்டாட்டம். இரண்டுக்கும் அவசியமில்லை. கேபி என்பது மூன்று மணி நேரத்தில் பூமியின் காந்தப்புலம் எந்த அளவு குலைந்தது என்பதை, உலகம் முழுவதற்குமாகச் சேர்த்துச் சொல்லும் எண். 0 முதல் 9 வரை போகும். 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லேயில்கூட வானம் சிவந்ததே, அன்று கேபி 9-ஐத் தொட்டது. தெற்கே இருப்பவர்களுக்குத்தான் அப்படிப்பட்ட எண் தேவை. ட்ரொம்சோ வட அட்சரேகை 69 பாகைக்கும் மேலே, அரோரா வளையத்துக்கு, அதாவது காந்தத் துருவத்தைச் சுற்றி இந்த ஒளி வழக்கமாகத் தோன்றும் பட்டைக்கு, நேர் கீழே இருக்கிறது. அங்கே கேபி 1, 2 என்று இருக்கும் சாதாரண இரவுகளிலேயே பச்சை ஒளி தலைக்கு மேல் வந்துவிடும். எண் சிறியதாக இருக்கிறதே என்று அறையிலேயே படுத்துவிடுவதைத்தான் இந்தப் பயணத்தின் மிகப் பெரிய தவறு என்பேன்.

காரியத்தைக் கெடுப்பது மேகம். அரோரா தோன்றுவது பெரும்பாலும் 100 கிலோமீட்டருக்கு மேலே. மேகங்களோ பத்துக் கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். எவ்வளவு பெரிய சூரியப் புயல் அடித்தாலும், மேகம் மூடிய ஊரில் நிற்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே மாலையானதும் முதலில் பார்க்க வேண்டியது மேக முன்னறிவிப்பு. நார்வே, ஐஸ்லாந்து வானிலைத் துறைகள் அதை இலவசமாகவே வெளியிடுகின்றன.

ட்ரொம்சோ கடலோர ஊர் என்பதால் மேகத்துக்குக் குறைவில்லை. அங்குள்ள வழிகாட்டிகள் வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்கிபோட்ன் பள்ளத்தாக்கு வரை, சில இரவுகளில் எல்லை தாண்டி ஃபின்லாந்துக்குள்ளும் போவது இதற்காகத்தான். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைகளின் மேற்குப் பக்கத்தில் பனியைக் கொட்டிவிடும்; மறுபக்கம் இறங்கும்போது வறண்டிருக்கும். ஸ்வீடனின் அபிஸ்கோவும் இதே மாதிரி மழைமறைவில் உள்ள ஊர். ராத்திரி நேரத்தில் அலைய முடியாது, ஒரே இடத்தில் தங்கித்தான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு அபிஸ்கோதான் சரி. எங்கே தங்கினாலும் ஊர் விளக்குகளை விட்டு விலகி நிற்க வேண்டும்.

வடக்கே போகப் போக நன்றாகத் தெரியும் என்று நினைத்து ஸ்வால்பார்டுக்குப் போகிறவர்களும் உண்டு. 78 பாகையில் உள்ள அந்தத் தீவுக்கூட்டம், இரவு நேரத்தில் பெரும்பாலும் வளையத்தின் உட்பக்கம் போய்விடுகிறது. அழகான இடம்தான், ஆனால் அரோராவுக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

மாதத்தைப் பொறுத்தவரை, மே இறுதியிலிருந்து ஜூலை இறுதி வரை ட்ரொம்சோவில் சூரியன் மறைவதே இல்லை. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு போய் ஏமாறாதீர்கள். ஆகஸ்ட் இறுதி முதல் ஏப்ரல் தொடக்கம் வரைதான் பருவம். டிசம்பர்தான் சிறந்தது என்ற நம்பிக்கையும் முழுக்கச் சரியல்ல. சம இரவு நாட்களை ஒட்டிய செப்டம்பர், மார்ச் மாதங்களில் காந்தப்புலக் குலைவு கூடுதலாக நிகழ்கிறது, அதனால் ஒளிக்கும் வாய்ப்பு அதிகம். பகலில் ஊர் பார்க்க வெளிச்சமும் இருக்கும். சூரியனின் கொந்தளிப்பு ஏறி இறங்கும் சூரியச் சுழற்சியின் உச்சம் 2024-லேயே வந்துவிட்டதால் இனிப் போய்ப் பயனில்லை என்பதும் வீண் கவலை. வளையத்துக்குக் கீழே உள்ள ஊர்களில் எல்லா வருடமும் ஒளி தெரியும்.

இரண்டே இரவுகள் ஒதுக்கிவிட்டுப் போவது சூதாட்டம். நான்கைந்து இரவாவது வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம் என்பதால், கடைசி நேரத்தில் நாட்களைக் குறைக்க வேண்டிய நிலை வராமல் பார்த்துக்கொள்ளலாம்.

பலர் அரோராவைப் பார்த்தும் பார்க்காமல் திரும்புவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருட்டில் நம் கண்ணுக்கு நிறம் அவ்வளவாகத் தெரியாது. ஒளி மங்கலாக இருக்கும்போது வடக்கு அடிவானத்தில் சாம்பல் வெள்ளையாக ஒரு வளைவு மட்டும் தெரியும். மேகம் என்று விட்டுவிடுவார்கள். அதன் ஊடாக நட்சத்திரம் தெரிகிறதா என்று பாருங்கள். கைப்பேசியில் மூன்று விநாடி வெளிச்சம் வாங்கும்படி ஒரு படம் எடுங்கள். பச்சையாக விழுந்தால் அரோராதான். அந்த வளைவு ஒரு மணி நேரம் சும்மா கிடக்கும். பிறகு திடீரென்று கீழ்விளிம்பு பளிச்சிட்டு, திரையாக மடிந்து, வானம் முழுக்கப் பரவும். சில நிமிடங்களிலேயே அடங்கியும் விடலாம். குளிர் தாங்காமல் உள்ளே போனவர்கள் தவறவிடுவது அந்த நிமிடங்களைத்தான். பொதுவாக இரவு ஒன்பதிலிருந்து இரண்டு மணி வரை வெளியே இருக்கத் தயாராகப் போங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். நடுவில் கைப்பேசித் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து.

அவ்வளவு நேரம் நிற்பதற்கு உள்ளே பருத்தி பனியன் ஆகாது. வியர்வையைப் பிடித்துவைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். கம்பளி உள்ளாடை வாங்குங்கள். ஷூ ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும், இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் போட்டால் ரத்த ஓட்டம் குறைந்து விரல் விறைத்துப்போகும். கேமராவுக்கு முக்காலியும் கூடுதல் பேட்டரியும் கட்டாயம். பேட்டரியை உள்பையில் உடம்போடு ஒட்டி வைத்திருங்கள். விடுதிக்குள் நுழையும் முன்னே, வெளியே நிற்கும்போதே கேமராவை மூடிய பிளாஸ்டிக் பையில் போட்டுவிட வேண்டும். இல்லையென்றால் லென்ஸ் முழுக்க நீர் பூத்துவிடும்.

பனிச்சாலையில் ஓட்டிப் பழகாதவர்கள் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு மேகத்தைத் துரத்த வேண்டாம். வானத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவதும், சாலை நடுவே விளக்கை அணைத்துவிட்டு நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. வழிகாட்டியோடு போவதானால் கடைசி இரவுக்கு அல்லாமல் முதல் இரவுக்கே பதிவு செய்யுங்கள். அன்று மேகம் மூடினாலும் இன்னொரு இரவு போக நாள் இருக்கும். வானத்தை எப்படிப் படிப்பது என்று அவரிடமே கேட்டுக்கொண்டால், மீதி இரவுகளில் நீங்களே பார்க்கலாம்.