பிராம்ஸின் வயலின்–பியானோ படைப்புகள்: ஆய்வுப் பதிப்பைத் தேர்ந்து பயன்படுத்தும் முறை

முதலில் உள்ளடக்கப் பக்கத்தைப் பாருங்கள். ஜெர்மன் இசையமைப்பாளர் யோகான்னஸ் பிராம்ஸ் வயலினுக்கும் பியானோவுக்குமாக வெளியிட்ட ஓபஸ் (படைப்பு எண்) 78, 100, 108 ஆகிய மூன்று சொனாட்டாக்கள் (பல பகுதிகள் கொண்ட கருவியிசைப் படைப்புகள்) மட்டுமே பல தொகுதிகளில் இருக்கும். 1853இல் இசையமைப்பாளர்கள் ஷூமன், டீட்ரிக் ஆகியோருடன் சேர்ந்து வயலின் கலைஞர் யோவாகிமுக்காக எழுதிய கூட்டுச் சொனாட்டாவின் ஸ்கெர்ட்சோவையும் (விறுவிறுப்பான பகுதி), கிளாரினெட்டுக்கென எழுதிய ஓபஸ் 120இன் இரு சொனாட்டாக்களுக்கு அவரே அமைத்த வயலின் வடிவத்தையும் பெரும்பாலும் தனியாகவே வாங்க வேண்டியிருக்கும். கிளாரினெட்டின் தாழ்ந்த ஸ்வரங்கள் சில வயலினின் கடைசித் தந்திக்கும் கீழே இறங்குவதால், அவ்விடங்களை பிராம்ஸ் மாற்றி எழுதியதோடு பியானோ பகுதியிலும் கைவைத்திருக்கிறார். ஆகவே கிளாரினெட் பதிப்பின் பியானோ பிரதியை வைத்துக்கொண்டு வயலினுக்கு வாசிக்க முற்பட வேண்டாம்.

அட்டையில் 'உர்டெக்ஸ்ட்' (மூலபாடம்) என்று அச்சிட்டிருப்பதே தரத்துக்குச் சான்றாகிவிடாது. பதிப்பாசிரியர் எந்த மூலங்களைப் பார்த்தார், எதை முதன்மை மூலமாகக் கொண்டார், எங்கே விலகினார் என்பதைச் சொல்லும் பாடபேதக் குறிப்பு நூலில் இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பதிப்பை ஆய்வுப் பதிப்பு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஹென்லே, பேரன்ரைட்டர் போன்ற பதிப்பகங்களின் நூல்களில் இக்குறிப்பு முன்னுரையை ஒட்டியோ இறுதியிலோ வரும். பிராம்ஸ் அச்சுப்படி திருத்தும் கட்டம் வரை மாற்றிக்கொண்டே இருந்தவர் என்பதால், அவர் கையெழுத்துப் பிரதியைவிட அவருடைய பதிப்பாளர் சிம்ராக் வெளியிட்ட முதற்பதிப்பே பொதுவாக முதன்மை பெறுகிறது. ஆனால் அச்சுத்தகடு செதுக்கியவரின் பிழைகளும் அதிலேயே புகுந்திருக்கலாம். அவற்றைப் பிடிக்கக் கையெழுத்துப் பிரதியும், பிராம்ஸ் தம்மிடம் வைத்துத் திருத்தங்கள் குறித்த சொந்தப் பிரதியும் உதவுகின்றன.

பயிற்சியைத் தொடங்குமுன் ஒரு பென்சிலோடு அமர்ந்து, பாடபேதக் குறிப்பில் சுட்டப்பட்ட பார் (தாள அளவுக் கட்டம்) எண்களை உங்கள் பிரதியில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பியானோ ஸ்கோரின் (இரு கருவிகளின் இசையும் சேர்ந்த பிரதி) மேல்வரியில் உள்ள வயலின் பகுதியைத் தனி வயலின் பார்ட்டோடு (வயலின் கலைஞருக்கான தனிப் பிரதி) ஒப்பிடுங்கள். எடுத்துக்காட்டாக, ஓபஸ் 78இன் தொடக்கத்தில் ஒரே ஸ்வரம் மூன்று முறை ஒலிக்கும் இடத்தில் ஸ்லரும் (ஸ்வரங்களை இணைக்கும் வளைகோடு) புள்ளிகளும் இரண்டிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறுபட்டால், ஸ்கோரில் இருப்பது இசை வாக்கியத்தின் நீளம், பார்ட்டில் இருப்பது வில்லை மாற்றும் இடம் என்று கொள்ள வாய்ப்புண்டு. எது பிராம்ஸுடையது, எது பின்வந்தவர் சேர்த்தது என்பதைக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். இரண்டு வயலின் பார்ட்டுகள் கொடுக்கப்பட்டிருந்தால், விரல் எண்ணும் வில் குறியும் இல்லாததை முதலில் எடுங்கள்.

1926–27இல் பிரைட்கோப்ஃப் உண்ட் ஹேர்ட்டல் வெளியிட்ட பழைய முழுத்தொகுப்பு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மலிவான மறுபதிப்புகள் பலவும் அதன் நகல்களே. ஸ்வரங்களைப் படிக்க அது போதும், ஐயம் தீர்க்கப் போதாது. வயலின் கலைஞர் கார்ல் ஃப்ளெஷும் பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெலும் சேர்ந்து தந்த பதிப்பை மூலபாடமாகக் கொள்ளாமல், அக்காலக் கலைஞர்கள் எப்படி வாசித்தார்கள் என்பதற்கான சாட்சியாகப் படித்தால் நிறையக் கற்கலாம்.

ஒத்திகைக்கு முன் பியானோ கலைஞரின் ஸ்கோரும் உங்கள் பார்ட்டும் ஒரே பதிப்பா என்று பார்த்துவிடுங்கள். இல்லையெனில் பார் எண்களை இரண்டிலும் பென்சிலால் எழுதி, வேறுபடும் ஸ்லர்களில் எதைப் பின்பற்றுவது என்பதை வாசிக்கத் தொடங்குமுன்பே இருவரும் பேசி முடித்துக்கொள்ளுங்கள்.