வாலிபாலில் உயரம் எழும்ப வேண்டுமா? முதலில் இறங்கப் பழகுங்கள்

வாலிபால் வலையின் உயரம் ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24 மீட்டர். அதற்கு மேலே கை எட்டிவிட வேண்டும் என்ற ஆசையில், புதிதாக ஆட வரும் பிள்ளைகள் முதல் நாளே குதிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். எப்படி இறங்குவது என்று பலருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் எழும்பும்போது அல்ல, இறங்கும்போதுதான் என்பதால், இந்தப் பயிற்சியை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் இப்போதைய அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். விரல் நுனியில் சாக்பீஸ் பொடியைத் தடவி, சுவரருகே பக்கவாட்டில் நின்று, குதிகால் தரையில் படிந்திருக்கக் கையை உயர்த்தி ஒரு குறி வையுங்கள். பிறகு நின்ற இடத்திலிருந்தே எழும்பி இன்னொரு குறி வையுங்கள். இரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே நீங்கள் எழும்பும் உயரம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

முதல் படி, இறங்குதல். ஏறத்தாழ 30 செ.மீ. உயரமுள்ள ஒரு படிக்கட்டிலிருந்து மண் தரையில் இரு காலாலும் இறங்குங்கள். முன்பாதம் முதலில் தரையைத் தொட்டு, குதிகால் பின்னர் படிய வேண்டும். இடுப்பும் முழங்காலும் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டும். முழங்கால்கள் உட்புறமாகச் சாயாமல் பாதவிரல்களின் திசையிலேயே நிற்க வேண்டும். இறங்கிய நிலையில் மூன்று விநாடி அசையாமல் நில்லுங்கள். 'தொப்' என்று சத்தம் கேட்டால் கால் விறைத்திருக்கிறது என்று பொருள். எட்டு முறை வீதம் மூன்று சுற்று செய்யலாம். இதைச் சிமெண்ட் தரையிலோ மொட்டைமாடியிலோ செய்யவே வேண்டாம்.

இரண்டாவது, சமநிலை. வெறுங்காலுடன் ஒற்றைக்காலில் 30 விநாடி நில்லுங்கள். அது எளிதானதும் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். அதுவும் கைவந்தபின், ஒற்றைக்காலில் நின்றபடியே நண்பர் எறியும் பந்தைப் பிடித்துத் திருப்பி எறியுங்கள். பிளாக் செய்துவிட்டு, அதாவது எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே எழும்பித் தடுத்துவிட்டு, இறங்கும்போது எதிரணி வீரரின் பாதத்தின் மேல் கால் விழுந்து பிசகுவது இந்த ஆட்டத்தில் அடிக்கடி நடப்பது. கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் உடனே இழுத்துப் பிடிக்கப் பழகியிருந்தால் அந்த ஆபத்து குறைகிறது. சலிப்பாக இருக்கிறது என்று பலர் கைவிடுவது இந்தப் படியைத்தான். தயவுசெய்து நீங்கள் கைவிடாதீர்கள்.

மூன்றாவதாக, வலிமை. உட்கார்ந்து எழுந்திருத்தலும், கெண்டைக்காலுக்காகக் குதிகாலை உயர்த்தி இறக்குதலும் பத்து முறை வீதம் மூன்று சுற்று போதும்.

இந்த மூன்றையும் மூன்று, நான்கு வாரம் செய்தபின் குதிக்கத் தொடங்குங்கள். பாதி அமர்ந்து, கைகளைப் பின்னிருந்து வீசி, முழு வேகத்தில் மேலெழும்புங்கள். ஐந்து முறை வீதம் நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் இரண்டு நிமிட ஓய்வு. களைத்த காலுடன் குதித்தால் உயரமும் கூடாது, இறங்கும் முறையும் கெடும். வாரத்தில் இரண்டு நாள், இடையே 48 மணி நேரமாவது விட்டுச் செய்யுங்கள். உயரமான மேடையிலிருந்து குதித்த வேகத்திலேயே மீண்டும் எழும்பும் பயிற்சி, பல ஆண்டு வலிமைப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. அதை இப்போது தொட வேண்டாம். முழங்கால் சிப்பிக்குக் கீழே வலி தொடர்ந்தால் குதிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக ஸ்பைக் ஓட்டம், அதாவது எழும்பிப் பந்தை எதிரணிப் பக்கம் ஓங்கி அடிப்பதற்கு முன் எடுத்துவைக்கும் அடிகள். வலக்கையால் அடிப்பவர்கள் இடது, வலது, இடது என்று மூன்று அடி வைக்க வேண்டும். முதல் அடி மெதுவாகவும், நீளமான இரண்டாவது அடி குதிகால் முதலில் ஊன்றியும், மூன்றாவது அதை ஒட்டி விரைவாகவும் விழும்போதுதான், முன்னோக்கிய வேகம் மேல்நோக்கித் திரும்பும். இடக்கைக்காரர்களுக்கு எல்லாம் தலைகீழ். வலக்கைக்காரர்கள் பலர் அடித்தபின் தம்மை அறியாமலே இடது காலில் மட்டும் இறங்குவதால், உங்கள் ஓட்டத்தை அலைபேசியில் படமெடுத்து மெதுவாக ஓடவிட்டு, இரு கால்களும் ஒன்றாகத் தரையைத் தொடுகின்றனவா என்று பாருங்கள். தொடவில்லையென்றால் மறுநாள் மீண்டும் அந்த 30 செ.மீ. படிக்கட்டிலிருந்து தொடங்குங்கள்.