புதுவையில் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? சிமெண்டு மூட்டையை வாசலிலேயே நிறுத்துங்கள்

புதுச்சேரியில் நகரைச் சுற்றி ஓடும் புல்வார் சாலைகளுக்கு உட்பட்ட பழைய நகரத்தில் இப்போது தெருவுக்கு இரண்டு மூன்று வீடுகளிலாவது சாரம் கட்டியிருக்கிறது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே தங்கும் விடுதிகள், மேற்கே தமிழர் பகுதியில் உணவகங்கள், துணிக்கடைகள், அலுவலகங்கள். பூட்டிக் கிடந்த வீடுகளுக்கு மறுபடி விளக்கு ஏறுவது மகிழ்ச்சிதான். ஆனால் நூறு, நூற்றைம்பது வயதான கட்டடத்தை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒரே தவறுகளைச் செய்கிறார்கள்.

பத்திரத்தைப் பார்ப்பது, நகர அமைப்புக் குழுமத்தில் அனுமதி வாங்குவது, வீடு பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறதா என்று விசாரிப்பது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுவோம்.

சுண்ணாம்புச் சுவரில் சிமெண்டுப் பூச்சு

எத்தனை முறை சொன்னாலும் நிற்காத தவறு இது. அதிகப் பணத்தைத் தின்பதும் இதுதான்.

இந்த ஊர்ப் பழைய வீடுகளின் சுவர் ஒன்றரை அடி முதல் இரண்டடி வரை கனம். செங்கல், நடுவில் சுண்ணாம்புக் கலவை, மேலே சுண்ணாம்புப் பூச்சு. அடித்தளத்துக்கும் சுவருக்கும் இடையே ஓதம் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது. தரையின் ஈரம் செங்கல் வழியாக மேலே ஏறும், கூடவே உப்பும் ஏறும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிற ஊரில் உப்புக்குப் பஞ்சமில்லை. சுண்ணாம்புப் பூச்சுக்குக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஏறிய ஈரம் தரையிலிருந்து ஒன்றிரண்டு அடிக்குள்ளேயே அதன் வழியாகக் காற்றில் கலந்துவிடும். உப்பு பூச்சின் மேல்பரப்பில் பூக்கும், பூச்சு பொடிந்து உதிரும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அடிப்பகுதியை மட்டும் மறுபடி பூசுவார்கள். பூச்சு தேயும், செங்கல் தப்பிக்கும். அந்தக் காலத்துக் கொத்தனார்கள் கணக்குப் போட்டுச் செய்த ஏற்பாடு அது.

இந்தச் சுவரில் ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கு பங்கு மணல் கலந்த கலவையை முக்கால் அங்குலம் பூசினால், ஈரம் வெளியேறும் வழி அடைபடுகிறது. வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறும். இரண்டடியில் நின்ற ஓதம் நான்கு, ஐந்தடிக்குப் போகும். உப்பு பூச்சுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் படிகமாகி உட்கார்ந்து, இரண்டையும் பிரிக்கும். விரல் முட்டியால் தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கும். பிறகு பூச்சு பலகை பலகையாகப் பெயர்ந்து விழும்போது செங்கல்லின் முகத்தையும் பிடித்துக்கொண்டு வரும். அந்தச் செங்கல்லைத் திருப்பி வாங்க முடியாது.

இன்னொரு கோளாறும் உண்டு. சுண்ணாம்புச் சுவர் வெயிலுக்கும் மழைக்கும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், சிமெண்டு கொடுக்காது. அதனால் வெளிப்பூச்சில் மயிரிழைக் கீறல்கள் விழும். ஐப்பசி, கார்த்திகை மழை அந்தக் கீறல் வழியாக உள்ளே போகும், போனது வெளியே வராது.

எரிச்சலூட்டுவது என்னவென்றால், முதல் ஆண்டில் சிமெண்டுப் பூச்சு மிக அழகாக இருக்கும். மட்டக்கோல் வைத்தாற்போல நேராக, விறைப்பாக நிற்கும். டிசம்பரில் விடுதி திறப்பு விழா, படம் எடுக்கிறார்கள், பாராட்டுகிறார்கள். அடுத்த மழைக்குப் பிறகு கட்டில் தலைமாட்டில் சுவர் கறுக்கிறது. ஓதம் தடுக்கும் ரசாயனம் என்று ஒருவர் டப்பாவோடு வருகிறார், அதையும் பூசுகிறார்கள். ஈரம் அதற்கு மேலே ஏறுகிறது. நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டுகிறார்கள். ஐந்தாவது அடியில் உப்பு பூக்கிறது. ஒவ்வொரு முறையும் நோயை மூடிவைப்பதற்குத்தான் செலவு. பூசிய செலவு, உடைக்கிற செலவு, மறுபடி சுண்ணாம்பு பூசுகிற செலவு என்று மூன்று செலவு, இடையில் அறையை மூடிவைத்த நஷ்டம் தனி.

மேஸ்திரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சதுர அடிக் கணக்கில் கூலி பேசினால் மறுநாளே இறுகும் பொருளைத்தான் அவர் எடுப்பார். சுண்ணாம்பு வேலைக்கு நாள் கூலி பேசுங்கள், அல்லது அடுக்குகளுக்கு இடையில் காத்திருக்கும் நாட்களையும் சேர்த்து ஒப்பந்தம் எழுதுங்கள்.

சரியான வரிசை இது.

பூச்சில் கை வைக்கும் முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தெருவில் தார் மேல் தார் போட்டு வீட்டுத் தரை பள்ளமாகிப் போயிருக்கும். முடிந்த இடத்தில் சுவரை ஒட்டிய வெளித்தரையை உள்தரைக்கு அரையடி கீழே இருக்குமாறு வெட்டி இறக்குங்கள். மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் குழாய் உடைந்து சுவருக்குள்ளேயே ஊற்றிக்கொண்டிருக்கிறதா என்று மழையில் நின்று பாருங்கள். முற்றத்தைக் கான்கிரீட்டால் மூடியிருந்தால் அதைப் பெயர்த்துவிட்டு, மணல் படுகையில் செங்கல்லோ கல்லோ பதியுங்கள். முற்றத்து மண் மூச்சுவிட முடியாதபோது ஈரம் தேடிப் போகும் இடம் சுவர்தான்.

அடுத்தது பழைய சிமெண்டை எடுப்பது. உடைக்கும் இயந்திரம் வேண்டாம், சிறிய உளியும் சுத்தியும் போதும். உளியைச் சாய்த்துப் பிடித்து, தட்டினால் பொள்ளலாகக் கேட்கும் இடத்திலிருந்து தொடங்குங்கள். ஓதக் கோட்டுக்கு மேல் இரண்டு மூன்றடி வரை எடுக்க வேண்டும். சிமெண்டு செங்கல்லின் முகத்தோடு சேர்ந்து வருகிறதென்றால் அந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். கெட்டியாகப் பிடித்திருப்பதை மேலே விட்டுவைத்து, அடிப்பகுதியை மட்டும் திறப்பது மேல். இணைப்புகளில் உதிர்ந்துபோன கலவையை ஓர் அங்குல ஆழம் சுரண்டுங்கள். உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ளி வெளியே கொட்டுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

பிறகு சுவர் காய வேண்டும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மாதம் என்பது பழைய கணக்கு. முழுதாகக் காத்திருக்க முடியாவிட்டாலும், மாசியில் திறந்து சித்திரை, வைகாசி வெயிலைச் சுவருக்குக் கொடுங்கள்.

சுண்ணாம்பு காளவாயில் சுட்ட கட்டியாகக் கிடைத்தால் நல்லது. கிளிஞ்சல் சுண்ணாம்பு மெல்லிய மேல்பூச்சுக்கு அருமை. கட்டியைத் தண்ணீரில் போட்டதும் சீறிக் கொதிக்க வேண்டும், சும்மா கிடந்தால் காற்றுப் பட்டுச் செத்த சுண்ணாம்பு. பொடியாக வாங்கினால் ஒரு சிட்டிகை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள், நன்றாக நுரைத்தால் அது பழசாகிப் போனது. நீற்றும்போது தண்ணீரில்தான் சுண்ணாம்பைப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, தெறித்துக் கண்ணைப் பறித்துவிடும். சித்தாள்கள் உட்பட எல்லோருக்கும் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் வாங்கிக் கொடுங்கள். நீற்றியதைக் கொசுவலைக் கம்பியில் சலித்து, மேலே இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி குழியில் குறைந்தது பதினைந்து நாள் ஊறவிடுங்கள். மாதக் கணக்கில் ஊறினால் வெண்ணெய் போல வரும்.

முதல் பூச்சுக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு சுர்க்கி, இரண்டு பங்கு மணல். சுர்க்கி என்று கடையில் விற்கும் செந்தூளை நம்பாமல், அளவாக வெந்த செங்கல்லை உடைத்துச் சலித்த பொடியைப் பயன்படுத்துங்கள். இரண்டாம் பூச்சுக்கு ஒன்றுக்கு மூன்று மணல் போதும். ஒரு பூச்சு பத்து மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏழு முதல் பத்து நாள் விடுங்கள். அந்த நாட்களில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டு நிழலில் வையுங்கள். அவசரமாகக் காய்ந்த சுண்ணாம்பு இறுகாது, பொடியாகத்தான் உதிரும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்ப்பது கொத்தனாருக்குக் கொத்தனார் மாறும். எந்த அளவில் தொடங்கினாரோ அதே அளவில் வேலை முழுவதும் ஓட வேண்டும், அவ்வளவுதான். முழுச் சுவரில் இறங்கும் முன் மூன்றடிக்கு மூன்றடி பூசி, இரண்டு வாரம் கழித்து நகத்தால் கீறிப் பாருங்கள்.

கடைசிக் கட்டத்தில் ஒரு பொறி இருக்கிறது. இவ்வளவும் ஒழுங்காகச் செய்துவிட்டு, மேலே பட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் அடிப்பார்கள். மூச்சை மறுபடி அடைத்தாயிற்று. பால் பதத்தில் கரைத்த சுண்ணாம்பை நான்கைந்து கை மெல்லியதாக அடியுங்கள். புதுவைக்கே உரிய அந்த மஞ்சளுக்கு மஞ்சள் காவிப் பொடி கலந்தால் போதும்.

ஒழுகும் மெட்ராஸ் டெரஸின் மேல் இன்னொரு தளம்

தேக்கு உத்தரக் கட்டைகள், அவற்றின் மேல் குறுக்குச் சாய்வாக நெட்டுக்குத்தாய் அடுக்கிய அச்சுக்கல் என்னும் சிறு செங்கல், மேலே கட்டையால் அடித்து இறுக்கிய செங்கல் ஜல்லிச் சுண்ணாம்பு, அதற்கும் மேலே தட்டோடு என்னும் தட்டையான ஓடு. இந்தக் கூரை ஒழுகினால் பலரும் செய்வது மேலே மூன்று அங்குலம் கான்கிரீட் போடுவது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு அது ஏறக்குறைய இரண்டு டன் கூடுதல் எடை. கட்டைக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதைவிட மோசம், கீழே இறங்கிய ஈரம் வெளியேற முடியாமல் கட்டையின் தலைப்பில் தங்குவது.

கட்டை நடுவில் கெடாது, சுவருக்குள் புதைந்த அரையடியில்தான் மக்கும். திருப்புளியால் சுவரை ஒட்டிக் குத்திப் பாருங்கள், அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டை போயிற்று. கட்டைக்குக் கீழே முட்டுக் கொடுத்து, கெட்ட தலைப்பை வெட்டி, அதே மரத்தில் புதுத் துண்டை இரண்டு பக்கமும் இரும்புப் பட்டை வைத்துப் போல்ட் போட்டுப் பிணைக்கலாம். புதுத் தலைப்பைச் சுற்றி விரல் அகலம் காற்றிடம் விடுங்கள். மேலே பழைய தட்டோட்டை எடுத்து, வாட்டத்தைச் சரிசெய்து, சுண்ணாம்பிலேயே மறுபடி பதியுங்கள்.

ஒழுகலை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் இதே தவறுதான். கடற்கரைச் சாலையில் 1870களில் எழுந்த மேரி என்னும் நகர மன்றக் கட்டடம், பழுதடைந்து பூட்டிக் கிடந்த நிலையில், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. இன்று அங்கே நிற்பது அதே முகத்தோடு புதிதாகக் கட்டி 2021இல் திறந்தது.

இரண்டு அறையை ஒன்றாக்கச் சுவரை எடுப்பது

உணவகத்துக்கு நீளமான கூடம் வேண்டும், நடுச்சுவர் தடையாக நிற்கிறது. அது வெறும் தடுப்பு இல்லை. உத்தரங்கள் அறையின் குறுகிய பக்கமாக ஓடும், அதனால் நீளச் சுவர்கள்தான் மேல்மாடியைச் சுமக்கின்றன. முதலில் உத்தரங்கள் எந்தச் சுவரில் உட்கார்ந்திருக்கின்றன என்று அண்ணாந்து பாருங்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் கட்டமைப்புப் பொறியாளர் இரும்பு விட்டத்தின் அளவைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பலகையின் மேல் ஜாக்கி முட்டு நிறுத்திவிட்டு, மூன்றடிக்கு ஒரு துளை போட்டுக் குறுக்குக் கட்டை நுழைத்துத் தாங்கிய பிறகே செங்கல்லைத் தொடலாம். விட்டம் உட்காரும் இரு முனையிலும் இரண்டரை அடிச் சுவராவது மிஞ்ச வேண்டும், விட்டத்துக்கு அடியில் கான்கிரீட் மெத்தை வேண்டும். முட்டுகளை ஒரே நாளில் உருவாதீர்கள்.

2023 ஏப்ரலில் சென்னைப் பாரிமுனை அருகே அரண்மனைக்காரன் தெருவில், புதுப்பிப்பு வேலை நடந்துகொண்டிருந்த நான்கு மாடிப் பழைய கட்டடம் இடிந்து விழுந்தது. சுவரைத் தொடும் முன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

பொதுச்சுவரை ஒட்டிப் பள்ளம்

பழைய அடித்தளம் இரண்டு மூன்றடிதான் ஆழம், கீழே மணல். தண்ணீர்த் தொட்டியோ கழிவுத் தொட்டியோ ஆறடி ஆழமென்றால் சுவரிலிருந்து குறைந்தது ஆறடி தள்ளித் தோண்டுங்கள். பள்ளத்தில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைத்தால் பக்கத்து வீட்டு அடியிலிருக்கும் மணலும் கூடவே வரும்.

சுவரில் குறுக்காகக் காடி வெட்டி மின்குழாய்

நெட்டுக்குத்தாக மட்டும். இல்லையென்றால் வெளியே ஓடட்டும்.

கடல் மணல்

ஒரு சட்டி கூட வேண்டாம்.

கார் நிறுத்தத் திண்ணையை இடிப்பது

கால்வே சுப்பராயச் செட்டி தெருவில், வைசியாள் தெரு என்றால் எல்லோருக்கும் தெரியும், திண்ணையும் தெருப்பக்கத் தாழ்வாரமும் வரிசையாக மீட்கப்பட்டன. அந்த வேலைக்கு 2008இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஒரு வீடு திண்ணையை இடித்தாலும் அந்த வரிசை அறுந்துபோகும். காரை வேறெங்காவது நிறுத்துங்கள்.

பழைய கதவு, ஜன்னல்களைக் காயலான் கடைக்குப் போடுவது

எண் போட்டு அடுக்கிவையுங்கள். அந்தத் தேக்கு இனிக் கிடைக்காது.

ஐப்பசியில் வெளிப்பூச்சு

புரட்டாசிக்குள் முடியாதது தை வரை காத்திருக்கட்டும்.